ஒன்றரை மணி நேரத் தூரம்

பெல்ட் போடச் சொல்லி அறிவிப்பு வந்தபோது புனிதவதி அதை எப்போதோ போட்டுவிட்டிருந்தாள். கைப்பையைக் காலடியில் தள்ளியாயிற்று, கண்ணாடிக்கூட்டை முன்சீட்டுப் பையில் செருகியாயிற்று, ஜன்னல் திரையை ஏற்றியாயிற்று. பினாங்கில் இறங்கினால் எதிர்வீட்டுக்காரி காடியை ஓட்டிக்கொண்டு வந்து நிற்பாள், நேராக வீட்டுக்குப் போய் ஒரு கோப்பி கலக்கிக் குடிக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது எதிர்வீட்டுக்காரி என்றுதான் மனசில் வந்தது, பெயர் வரவில்லை. வரும் என்று விட்டுவிட்டு வெளியே பார்த்தாள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலைய ஓடுபாதையோரப் புல் மத்தியான வெயிலில் வெளுத்துக் கிடந்தது, தூரத்தில் ஒரு விமானம் வாலைக் காட்டிக்கொண்டு நின்றது. வரவில்லை. இதென்ன கூத்து. வருஷக்கணக்காக எதிரெதிர் வாசலில் குடியிருக்கிறவள், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள், அவள் வேனைக் கிளப்புகிற சத்தத்தில்தான் புனிதவதிக்கு அன்றாடம் பொழுது விடிகிறது. நாற்பத்தைந்து வயதிருக்கும், முன்பல்லில் சிறு இடைவெளி, சிரித்தால் நான்கு மாடிக்குக் கேட்கும், தீபாவளிக்கு முறுக்கு சுட்டால் முதல் ஈடு இங்கேதான் வரும், அவள் புருஷன் ஈப்போவில் வேறொருத்தியோடு இருக்கிறான், அவளுக்குக் கத்திரிக்காய் ஆகாது, தின்றால் உதடு தடிக்கும். எல்லாம் இருக்கிறது. உதட்டுத் தடிப்பு இருக்கிறது, பெயர் இல்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள், காலையில் அவளைத்தானே கூப்பிட்டோம், இதில் இருக்குமே. இருந்தது. எதிர் வீடு என்று போட்டிருந்தது. தானே எப்போதோ அப்படிப் போட்டு வைத்திருக்கிறாள், எதற்காக அப்படிப் போட்டாள், அப்போதே பெயர் போய்விட்டிருந்ததா? காலையில் பேசியபோதுகூட, ஏம்மா நான்தான் பேசுறேன், மத்தியான பிளேன்ல வரேன், கூப்பிட வர முடியுமா, என்றுதான் பேசினாள். ஏம்மா. பெயரைச் சொன்னதாக நினைவில்லை. போன வாரம் பேசியபோது? அதற்கு முன்னால்? எந்தப் பொழுதில் அது கைநழுவிப் போயிற்று என்று பின்னோக்கித் துழாவினால், திருவிழாக் கூட்டத்தில் விழுந்த காசு மாதிரி, விழுந்த சத்தம்கூடக் கேட்டிருக்கவில்லை.

விமானம் மேலேறியபோது பக்கத்துச் சீட்டில் இருந்தவன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். முப்பது முப்பத்திரண்டு வயது, சட்டைப்பையில் கம்பெனி அட்டை, தமிழ்நாட்டுப் பிள்ளை. கீழே கடலில் கப்பல்கள் அங்கங்கே நங்கூரம் போட்டு நிற்பதைப் பார்க்காமல் முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், விமானம் கொஞ்சம் சமநிலைக்கு வந்ததும், "ஏம்மா, பினாங்கு போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்ங்க?" என்று கேட்டான். "ஒன்றரை மணி நேரம்னு டிக்கெட்டுல போட்டிருக்கும். ஆகாயத்துல இருக்கிறது ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல. மத்தது தரையில ஊர்ற நேரம். அறுநூறு கிலோமீட்டர்தான் தம்பி, பயப்படாதீங்க," என்று புனிதவதி சொன்னாள், மூச்சு விடாமல், யோசிக்காமல். அவன் ஆச்சரியமாகப் பார்த்து, "அடிக்கடி போவீங்க போல," என்றான். "டிக்கெட் ஏஜென்சியில வேலை பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல இதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அறுநூறு இருக்கிறது பார், ஒன்றரை இருக்கிறது பார். பினாங்கிலிருந்து மேடான் எவ்வளவு, லங்காவி எவ்வளவு, மெட்ராஸுக்கு எங்கே மாற வேண்டும், எல்லாம் வரிசையாக நிற்கிறது, யாரும் இனிக் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. இவளுக்கு வேண்டியது ஒரு மனுஷியின் பெயர். அதைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டதா அந்த அறுநூறு? ஏஜென்சியில் அவள் மேசைக்கு முன்னால் ஒரு கிழவர் வந்து உட்காருவார், துறைமுகத்தில் மூட்டை தூக்கின ஆள், மகளைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். எவ்வளவு நேரம்மா ஆகும் என்று கேட்பார். ஒன்றரை மணி நேரம்தான் ஐயா. அவ்வளவுதானா, என்பார். கொஞ்ச நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார். அடுத்த மாதம் மறுபடி வருவார், மறுபடி அதே கேள்வி. டிக்கெட் எடுக்கவே இல்லை. வெயிலுக்கு ஒதுங்க வருகிறார் என்று ஆபீஸில் சிரிப்பார்கள், அவளும் சிரித்திருக்கிறாள். மகள் கூப்பிடவில்லை போலிருக்கிறது. அல்லது கூப்பிட்டாளா, இவர் போகத் துணியவில்லையா. பக்கம்தான் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வதற்காகவே வந்தாரோ. அவர் முகம் நன்றாகத் தெரிகிறது, காதில் மயிர் இருந்தது, இடது கையில் ஒரு விரல் மடங்காது.

அகர வரிசையில் போய்ப் பார்க்கலாம். அமுதா, அஞ்சலை, அன்னக்கிளி. இல்லை. ஆனந்தி. இல்லை. இந்திரா, ஈஸ்வரி, உமா. உதடு அசைவதை உணர்ந்து வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள். கமலம், காந்தா, குமுதா, கோமளா. கோமளா தங்கச்சி. தங்கச்சி பெயர் வருகிறதே, தங்கச்சி புருஷன் சற்குணன், அதுவும் வருகிறது. இன்றைக்கு அதிகாலையில் எழுந்து கோமளா உப்புமா கிண்டிக் கட்டித் தந்தாள், பிளேன்ல விலை ஜாஸ்திக்கா என்று. அந்தப் பொட்டலம் கைப்பையில் அப்படியே இருக்கும். மல்லிகா, மங்களம், மாதவி, மீனாட்சி. ம என்று ஆரம்பிக்கிற மாதிரி ஒரு வாசனை அடித்தது, அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தாள், மணிமேகலை, மரகதம், மனோன்மணி, ஒவ்வொன்றையும் அந்தப் பல்லிடைவெளிக்காரிக்குப் போட்டுப் பார்த்தாள், எல்லாம் பக்கத்து வீட்டுத் துணி மாதிரி அளவு பொருந்தாமல் தொங்கின. மல்லிகா. மல்லி. கொத்தமல்லி. அது வேண்டாம், அதைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள், ஆனால் அதற்குள் கோமளா வீடிருக்கிற ஈசூன் வந்துவிட்டது, சாயங்காலம் வந்துவிட்டது. ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லை என்று கோமளா சொல்ல, நான் போய் வாங்கிட்டு வரேன் என்று கிளம்பினாள். கடை தெருமுனையில்தான். வாங்கியாயிற்று, திரும்பியாயிற்று. திரும்பினால் எல்லாக் கட்டடமும் ஒரே உயரம், ஒரே வெள்ளை, ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு எண், அந்த எண்களில் எது நம்முடையது? ஒன்றிலும் ஒன்றும் எழுதியிருக்காத மாதிரி இருந்தது. ஒரு கட்டடத்துக்குக் கீழே போய் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். சைக்கிளில் பிள்ளைகள் போயின, ஒரு சீனக் கிழவி வாளியோடு போனாள், விளக்குகள் ஏற்றினார்கள். யாரிடமாவது கேட்கலாம், என்னவென்று கேட்பது, என் தங்கச்சி வீடு எது என்றா? தங்கச்சியைக் கைப்பேசியில் கூப்பிடலாம், கைப்பேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தபோது சற்குணன் வேலை விட்டு வந்தார். "என்ன அண்ணி, இங்க உக்காந்திருக்கீங்க?" "காத்து நல்லா வருது மாப்பிள்ளை, அதான்." அவர் அவள் கையிலிருந்த கொத்தமல்லியைப் பார்த்தார். அது வாடித் தலை தொங்கியிருந்தது. முன்னால் நடந்தார், இவள் பின்னால் நடந்தாள், அதே கட்டடம்தான், சரியான கட்டடத்துக்குக் கீழேதான் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அதற்கு மறுநாள்தான் கோமளா சொன்னாள். துணி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "அக்கா, நீ இங்கயே இருந்துடேன். அங்க தனியா என்ன செய்யப்போற?" மறுநாள்தானா, அல்லது அதற்கு முந்தின நாளா? முந்தின நாள் என்றால் அது பாசம். மறுநாள் என்றால் சற்குணன் சொல்லிவிட்டார், அப்படியென்றால் அது பரிதாபம், காவல், மாத்திரை டப்பாவில் நாள் வாரியாகப் போட்டு வைப்பது, வாசல் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். மடித்த துணி என்ன துணி? துண்டுகள். துண்டு துவைப்பது சனிக்கிழமை. கொத்தமல்லி வாங்கினது வெள்ளியா? அப்படியானால் மறுநாள். ஆனால் சற்குணனுக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டே, அன்றைக்குத்தானே அவர் வேலை விட்டு வந்தார், அப்படியானால் அன்றைக்கே சனிக்கிழமையா, துண்டு காலையிலா? ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது. கேட்டிருக்கலாம். கோமு, உனக்குத் தெரியுமாடி என்று ஒரு வார்த்தை. கேட்டால் தெரியாதவளுக்கும் தெரிந்துவிடும். அதனால்தான், "ஐயோ, என் வீடு இருக்கறப்ப நான் ஏன் இங்க, பூச்செடியெல்லாம் காஞ்சி போயிருக்கும்லா," என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அன்றைக்கே டிக்கெட் போட்டாள். கோமளாவின் முகம் அப்போது எப்படி இருந்தது? வருத்தமாகவா, நிம்மதியாகவா? பார்க்கவில்லை. தானும் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கொரு துண்டைப் பார்த்துக்கொண்டு பேசி முடித்துவிட்டார்கள். தன் வீட்டில் என்றால் யார் பார்க்கப்போகிறார்கள்? இரண்டு தடவை உப்புப் போட்டால் இரண்டு தடவை உப்புப் போட்டதுதான். சுவருக்குத் தெரியாது. அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அப்படி நினைத்தபோது, அந்த ஓடுபதித்த கூடத்தில், நாற்காலியும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கூடத்தில், தான் உட்கார்ந்திருப்பது வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி தெரிந்தது.

மேகத்துக்குள் புகுந்ததும் விமானம் குலுங்கியது. பக்கத்துப் பையன், "முருகா," என்றான். "மேகம்தான் தம்பி, மலைப்பக்கம் எப்பவும் இப்படித்தான்," என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவன் சங்கடமாகச் சிரித்து, "கம்பெனி வேலையா ஒரு வாரம்மா. ஊருல அம்மாகிட்ட பிளேன்ல போறேன்னு சொல்லல, பஸ்ஸுன்னு சொல்லியிருக்கேன்," என்றான். அம்மா. புனிதவதியின் அம்மாவுக்குக் கடைசியில் பெயர்களே இல்லாமல் போயிற்று. ஆனால் அது கடைசியில்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அதற்கு முன்னாலேயே சில வருஷங்கள் அம்மா எல்லாரையும் கண்ணு, ராசா, தங்கம் என்று கூப்பிட ஆரம்பித்தாள். பால்காரனைக் கண்ணு என்றாள். கோமளாவைத் தங்கம் என்றாள். வாழ்நாள் முழுக்கச் சுள்ளென்று எரிந்து விழுந்தவள், வயசானதும் எப்படிக் குளிர்ந்துவிட்டாள் பார் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள், புனிதவதியும் அந்தக் குளிர்ச்சியில் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தாள், வா கண்ணு சாப்பிட்டியா கண்ணு என்று கேட்கக் கேட்க, சின்ன வயசில் கிடைக்காமல் போனதெல்லாம் கிடைக்கிற மாதிரி. விமானம் இன்னொரு முறை குலுங்கி அடங்கியது. அது பாசம் இல்லை. பெயர் இல்லை, அதுதான். பெயர் இருந்த இடத்திலெல்லாம் அம்மா ஒரு கண்ணுவை வைத்து ஒப்பேற்றியிருக்கிறாள். ஒரு வீட்டுக்குள், ஒரே கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, தனியாக, அவ்வளவு பெரிய பயத்தை வைத்துக்கொண்டு, ஒருத்தியிடமும் சொல்லாமல். இருட்டில் விழித்துக்கொண்டு இந்தப் பிள்ளையின் பெயர் என்ன, இந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று அகர வரிசையில் போயிருப்பாளோ? பள்ளிக்கூடம் போகாதவள், அவளுக்கு அந்த வரிசையும் தெரியாது. பிறகு ஆஸ்பத்திரியில், முகம் துடைத்துவிட்ட புனிதவதியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மிஸ்ஸி, என் மக எப்ப வருவா?" நர்ஸ் என்று நினைத்துவிட்டாள். "வந்துக்கிட்டு இருக்காம்மா," என்று புனிதவதி சொன்னாள். "எங்க இருக்கா?" "பக்கத்துலதான்." அம்மா சமாதானமாகிக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பதிலைத் தவிர அன்றைக்கு வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள், இப்போதும் யோசித்தாள்.

எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் கட்டம் கட்டமாக வந்து, முடிந்து, சேற்று நிறத்தில் கடல் தொடங்கியது. இறங்கப்போகிறோம் என்று சொன்னார்கள். காது அடைத்தது. பாலம் தெரிந்தது, நீளமாக, தண்ணீர்மேல் ஒரு கோடு. பையன் எட்டிப் பார்த்து, "அட, அவ்வளவுதானா, வந்தாச்சா?" என்றான். பிறகு முகம் தெளிந்தவனாக, "உங்களைக் கூப்பிட யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டான். சாதாரணக் கேள்வி. "எதிர்வீட்டுப் பொண்ணு," என்றாள். "நல்ல பழக்கம்போல." "ஆமா, நல்ல பழக்கம்." இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று தோன்றியது, இந்த விமானம் இறங்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் பெயர் வந்துவிடும், இவ்வளவு பக்கத்திலா இருக்க வேண்டும் இந்தப் பினாங்கு. சக்கரங்கள் தரையைத் தொட்டன. வராவிட்டால்தான் என்ன என்று இன்னொரு குரல் சொன்னது, அது தன் குரல்தான், ஆனால் மிகவும் சாமர்த்தியமாக இருந்தது. அம்மா என்று கூப்பிடு, தங்கச்சி என்று கூப்பிடு, என்னம்மா ஏம்மா வாம்மா போதும், நம் பேச்சில் பெயரே தேவையில்லை, பெயர் தெரியாமல் மிச்ச ஆயுசை ஓட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஊர்ந்து போகிற விமானத்தில் எல்லாரும் எழுந்து நிற்க, அவள் உட்கார்ந்தே இருந்தாள். பையன் அவள் கைப்பையை எடுத்துக் கொடுத்து, "வரேன்மா, உடம்பைப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டத்துக்குள்ளிருந்து, "புனிதாக்கா! இங்கக்கா, இங்க!" என்று குரல் வந்தது. பல்லிடைவெளியும் சிரிப்புமாக அவள் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். "வந்துட்டியா கண்ணு," என்றாள் புனிதவதி. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நடை நின்றது. "என்னக்கா?" "ஒண்ணுமில்ல, நட." காடி கிளம்பியது. அவள் பேசிக்கொண்டே ஓட்டினாள், ரெண்டு நாளா தண்ணி வரலக்கா, மேல் வீட்டு சீனன் நாய் வாங்கியிருக்கான், உங்க செடிக்கெல்லாம் நான் ஊத்திட்டேன், செம்பருத்தி மட்டும் போச்சு. கடலோரச் சாலைக்கு வந்தபோது புனிதவதி, "கொஞ்சம் நிறுத்தும்மா," என்றாள். "தலை சுத்துதாக்கா?" என்று அவள் ஓரம் கட்டினாள். கடல் வற்றிச் சேறு தெரிந்தது, நாரைகள் நின்றன. புனிதவதி முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்: "உன் பேர் என்ன?" அவள் சிரித்தாள். "என்னக்கா, பிளேன்ல ஏதாச்சும் ஊத்திக் குடுத்தானுங்களா?" பிறகு புனிதவதியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. எஞ்சினை அணைத்தாள். "ஜெகதா," என்றாள், மெதுவாக.

ஜெகதா. புனிதவதி காத்திருந்தாள். சொன்னதும் உள்ளே எங்கேயோ ஒரு கதவு திறக்கும், அட ஆமாம் என்று எல்லாம் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தாள். ஒன்றும் திறக்கவில்லை. யாரோ அறிமுகம் செய்துவைத்த புது ஆளின் பெயர் மாதிரி அது வெளியிலேயே நின்றது. "ஜெகதாம்பாள். வேன்லகூட எழுதியிருக்கேன்லக்கா. எல்லாரும் ஜெகதான்னு கூப்பிடுவாங்க. நீங்க மட்டும்தான் ஜெகான்னு கூப்பிடுவீங்க." நானா? நான் மட்டும்தானா? அந்தச் செல்லத்தை வைத்த வாய் எங்கே போயிற்று? "எப்பலேர்ந்துக்கா இப்படி?" "தெரியல." "கோமளாக்காவுக்குத் தெரியுமா?" "தெரியல. கேக்கல." ஜெகதா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "இப்ப கூப்பிடுங்க. நான் வெளிய நிக்கறேன்," என்று கதவைத் திறந்து இறங்கி, கடலோரக் கம்பியில் சாய்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைக்கிற மாதிரி இருந்தது.

"போய்ச் சேந்துட்டியாக்கா?" என்றாள் கோமளா. "சேந்துட்டேன். கோமு, எனக்கு ஆளுங்க பேரு மறக்குதுடி. வழி மறக்குது. அன்னிக்கு நான் காத்து வாங்க உக்காரல, வீடு தெரியாமதான் உக்காந்திருந்தேன்." அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம். "தெரியும்க்கா. அவரு அன்னிக்கே சொன்னாரு." "அப்ப ஏண்டி கேக்கல?" "கேட்டா நீ கோச்சுக்கிட்டுப் போயிடுவியோன்னு பயந்தேன்." கோமளா மூக்கை உறிஞ்சினாள். "எனக்குப் பயமா இருக்கு கோமு." "எனக்கும்தான். அம்மாவ நீ ஒத்தையா பார்த்த. நான் இந்த வாரமே வரேன், டாக்டர்கிட்ட சேர்ந்து போவோம். அதுக்கப்புறம் எங்க இருக்கறதுன்னு நீ சொல்லு, நான் கட்டாயப்படுத்தல." "வா," என்றாள் புனிதவதி. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டாள். காடிக்குள் வெயில் புழுங்கியது. பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதைச் சுற்றி மூச்சு விட இடமிருந்தது. வெளியே நின்றவளின் முதுகைப் பார்த்தாள். அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு முறை வைத்துப் பார்த்தாள், நாளைக்கு இருக்குமோ இருக்காதோ, இப்போது இருந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஜெகா!"

அவள் திரும்பினாள்.